சங்கிலிக் குண்டு எறிதல்: நேரில் கண்டவர்களின் நினைவுகள்

2012 ஆகஸ்ட் 10 அன்று மாலை, லண்டன் ஒலிம்பிக் அரங்கில் பெண்களுக்கான சங்கிலிக் குண்டு எறிதல் இறுதிப் போட்டியை நானும் என் அக்காவும் பார்த்தோம். உண்மையில் நாங்கள் நுழைவுச் சீட்டு வாங்கியது 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்துக்காகத்தான். அமெரிக்கப் பெண்கள் 40.82 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்ததும் அன்றைக்கே. ஆனால் எங்கள் இருக்கைகள் எறிபவரைச் சுற்றியுள்ள வலைக்கூண்டுக்கு அருகில் அமைந்துவிட்டதால், ஓடுதளத்தைவிட அந்தக் கூண்டையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயரில் சங்கிலி இருக்கிறதே தவிர, குண்டையும் கைப்பிடியையும் இணைப்பது ஓர் எஃகுக் கம்பி மட்டுமே; மூன்றும் சேர்ந்துதான் 4 கிலோ. 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி ஊன்ற, ஒவ்வொரு சுழற்சிக்கும் வேகம் ஏறி, கைப்பிடி விடுபட்ட கணத்தில் எழும் கூச்சல் மேல் வரிசைகள் வரை கேட்கும். புல்லில் புதைந்த குண்டைச் சுமந்துகொண்டு ஒரு பொம்மைக் கார் ஓடி வந்ததைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்தாவது சுற்றில் ஜெர்மனியின் பெட்டி ஹைட்லர் எறிந்த குண்டு 75 மீட்டர் கோட்டைத் தெளிவாகத் தாண்டி விழுந்தது எங்களுக்கே தெரிந்தது. ஆயினும் பலகையில் அந்தத் தூரம் நிலைக்கவில்லை. அதற்கு முன் ரஷ்யாவின் தாத்தியானா லைசென்கோ எறிந்திருந்த ஒரு தூரத்தோடு இதுவும் சென்டிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போனதால், அளக்கும் கருவி அதைப் புதிய எறிதலாகப் பதிவு செய்யவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். 76.34 மீட்டர் எறிந்த சீனாவின் சாங் வென்சியு வெண்கலம் வென்ற மகிழ்ச்சியில் கொடியோடு நின்றார். ஹைட்லர் அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டுக்கொண்டிருந்தார். முறையீடு ஏற்கப்பட்டு வெண்கலம் ஹைட்லருக்குச் சென்றது. 2016-இல் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக லைசென்கோவின் தங்கமும் பறிக்கப்பட, போலந்தின் அனிதா வ்லோடார்சிக் முதலிடத்துக்கும் ஹைட்லர் இரண்டாமிடத்துக்கும் உயர்ந்தனர். சாங்கிடமிருந்து போன வெண்கலம் சாங்கிடமே திரும்பியது. அக்கா பத்திரப்படுத்தியிருக்கும் நிகழ்ச்சித் தாளில் பென்சிலால் எழுதிய வரிசை இரண்டு முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. அதே ஹைட்லரையும் வ்லோடார்சிக்கையும் நான் 2009 ஆகஸ்ட் 22 அன்று பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் பார்த்தேன். இரண்டாவது சுற்றிலேயே வ்லோடார்சிக் 77.96 மீட்டர் எறிந்து, லைசென்கோவின் 77.80 மீட்டர் உலக சாதனையைத் தகர்த்தார். மகிழ்ச்சியில் துள்ளி ஓடியவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது! அதன்பின் அந்த ஒரே எறிதலை நம்பித்தான் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. சொந்த நாட்டுக் கூட்டம் ஆர்ப்பரிக்க ஹைட்லர் 77.12 மீட்டர் வரை நெருங்கினார். தங்கத்துக்கு அது போதவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான், சிட்னி ஒலிம்பிக்கில் 17 வயதில் தங்கம் வென்ற போலந்தின் கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா திடீரென இறந்திருந்தார். அவர் பெயரால் அப்போது வார்சாவில் நடந்த நினைவுப் போட்டியில், 2016-இல் வ்லோடார்சிக் 82.98 மீட்டர் எறிந்ததைத் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

* * *

நான் உள்ளூர்ப் போட்டிகளில் அளவீட்டுக் குழுவில் நிற்பவன். லண்டன் குழப்பம் என்னை வியப்பில் ஆழ்த்தவில்லை. குண்டு பதிந்த குழியில், வட்டத்துக்கு மிக அருகிலுள்ள விளிம்பில் ஒரு முள்ளை ஊன்றுகிறோம். கிடைக்கும் தூரத்தில் சென்டிமீட்டருக்குக் குறைவான பின்னத்தைத் தள்ளிவிடுகிறோம். ஆகவே இருவரின் தூரம் ஒன்றாக அமைவது நடக்கக்கூடியதே. ஒரு முறை, எண் காதில் விழுந்த அவசரத்தில் நான் முள்ளைப் பிடுங்கிவிட்டேன். எழுத்தர் அதைத் தவறாகக் குறித்திருந்தார், திரும்ப அளக்கலாம் என்றால் குழியில் மணலும் நிரப்பியாகிவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் கையுறையைக் கழற்றிக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் எண்ணை உரக்க வாசித்து, எழுத்தர் அதைத் திரும்பச் சொல்லி, பலகையிலும் வந்த பிறகே முள்ளில் கை வைக்கிறேன். "ஐயா, அடுத்தவர் காத்திருக்கிறார்" என்று கூண்டருகிலிருந்து குரல் வந்தாலும் சரி.