பழைய டிராக் சைக்கிள் ஃப்ரேம்: பிரைமர் வெளுத்துப் போகிறது, குன்னூரில் எப்படி அடிப்பது?

கேள்வி (குன்னூர்)

வணக்கம். பிரைமர் அடித்த அரை மணி நேரத்தில் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடுகிறது. லக் (குழாய்கள் சேரும் மூட்டில் வரும் உறை) ஓரங்களில்தான் அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்த இடத்திலோ மறுநாள் காலைக்குள் மஞ்சள் துரு படிகிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை, இப்போது நவம்பர், மதியத்துக்கு மேல் மூடுபனி உள்ளேயே வந்துவிடும்.

ஃப்ரேம் இங்கிலாந்தில் செய்த பழைய டிராக் ரேஸ் ஃப்ரேம், அதாவது வட்ட ஓடுதளப் பந்தயத்துக்கானது. லக் வைத்துப் பித்தளையில் ஒட்டியது. பின்சக்கர அச்சு உட்காரும் பின் வாய், சக்கரம் பின்பக்கமாகக் கழன்று வரும் நீள வாய், இரண்டு வாய்க்கும் நடுவே உள் அகலம் 120 மி.மீ., பிரேக்குக்கு எங்கேயும் ஓட்டை கிடையாது. சீட் ட்யூபில் ரெய்னால்ட்ஸ் 531 (மெல்லிய எஃகுக் குழாய் வகை) ஸ்டிக்கர் பாதி இருக்கிறது. ஃபோர்க்கின் அடிப்பாதி குரோம். அலுமினிய சீட் பில்லர் (சீட்டைத் தாங்கும் தண்டு) உள்ளேயே இறுகிக் கிடக்கிறது, அசையவில்லை.

கோவைக்கு அனுப்பிப் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு இதை வீட்டிலேயே, என் கையாலேயே செய்ய ஆசை. இந்த ஊர்க் காற்றில் முடியுமா?

பதில் (கோவை, கார் பெயிண்டர்)

தம்பி, அடிக்கறது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பிரைமர்தானே? கோளாறு பெயிண்ட்ல இல்லீங்க, இரும்போட சூட்டுல இருக்கு. தின்னர் ஆவியாகும்போது இரும்புல இருக்கற சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும். சுத்தி இருக்கற காத்தைவிட இரும்பு ரொம்பக் குளிர்ந்துட்டா காத்துல இருக்கற ஈரம் பெயிண்ட் மேல படியும். அதான் வெளுப்பு. லக் ஓரத்துல பெயிண்ட் தடிமனா நிக்கும், தின்னரும் அங்கதான் அதிகம், அதனால அங்க முதல்ல தெரியுது.

ஒரு கணக்கு சொல்றேன். கொட்டகைக்குள்ள 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வைங்க. அப்போ பனி படியற அளவு, அதாவது இரும்பு அதுக்குக் கீழ குளிர்ந்தா ஈரம் படியற சூடு, 13 டிகிரிக்குச் சித்த மேல. இரும்பு அதைவிட 3 டிகிரியாவது சூடா இருந்தாத்தான் பெயிண்ட் அடிக்கலாம். ராத்திரி பூரா குளிர்ல கிடந்த ஃப்ரேம் எங்க இருக்கும்? காலைல 10 மணிக்கு வெயில் வந்து, ஈரம் 70க்கு இறங்கி, காத்து 18 டிகிரி ஆனா, பனி படியற அளவு 12½க்கு வந்துரும். இரும்பும் 18 ஆனப்புறம் அடிங்க, ஒண்ணும் ஆகாது. ஈரப்பதமும் வெப்பமும் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி ஃப்ரேம் பக்கத்துலயே மாட்டுங்க.

ஃப்ரேமை வீட்டுக்குள்ள வெச்சு, ஹேர் டிரையர்ல இதமா சூடு பண்ணி எடுத்துட்டு வரலாம். அடிக்கற இடத்துல கரிக்கங்கோ ஹீட்டரோ வெக்காதீங்க, தின்னர் ஆவி தீப்பிடிச்சுக்கும். தின்னர்ல கொஞ்சம் ரிடார்டர் கலந்தா மெதுவா ஆவியாகும், வெளுக்கறதும் குறையும். வெளுத்த பிரைமர் மேல அடுத்த கோட் போடாதீங்க, உள்ள ஈரம் மாட்டிக்கும். தேய்ச்சு எடுத்துடுங்க.

துரு விஷயம்: தேய்ச்ச இரும்பு இந்த ஊர்ல ஒரு ராத்திரி தாங்காது. தேய்ச்சு, துடைச்சு, அன்னைக்கே பிரைமர் போடணும். எபாக்சி பிரைமர் நல்லா பிடிக்கும், ஆனா 10 டிகிரிக்குக் கீழ போனா காயாம அப்படியே நிக்கும். ஹார்டனர் கலக்கற பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் மட்டும் வீட்ல வேண்டாம் தம்பி. அதுல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்துரும், சாதாரண மாஸ்க் அதுக்குப் பத்தாது.

பதில் (கோத்தகிரி)

அண்ணன் சொன்னது சரி. நான் அதற்கு ஒரு படி முன்னால் போகிறேன்: இப்போது பெயிண்டே வேண்டாம். குன்னூருக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான், டிசம்பர் வரை இப்படித்தான் இருக்கும். இப்போது இரும்பு வேலையை முடியுங்கள், பொங்கல் தாண்டிப் பெயிண்ட். அதுவரை வெறும் இரும்பில் மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள், அடிக்கும் முன் தின்னரில் நன்றாகத் துடைத்தால் போதும்.

முதலில் விரிசல் பாருங்கள். லக்கைச் சுற்றியும், கீழ் ட்யூப் ஹெட் ட்யூபை (ஹேண்டில்பார் தண்டு போகும் முன்குழாய்) தொடும் இடத்திலும் மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பூசி விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து தூளில் ஒரு கோடு காட்டும்.

அடுத்து நூல். பின் வாயின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றி, மறுபக்க வாய்க்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் ட்யூபிலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெயிண்டுக்கு முன்னால் நேராக்க வேண்டும்.

பி.பி. (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழலும் இடம்) கப்: அந்தக் கூட்டின் அகலம் 68 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் இங்கிலீஷ் மரை. செயின் பக்கக் கப் அதில் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் ஸ்பேனர் போட்டு இறுக்கியே கெடுத்த ஃப்ரேம்கள் நிறைய.

சீட் பில்லருக்குச் சுத்தியல் வேண்டாம். அதைச் சூடாக்கவும் வேண்டாம், அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். பி.பி.யைக் கழற்றி, ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, துரு இளக்கும் எண்ணெயைச் சீட் ட்யூப் வழியாகக் கீழே விடுங்கள், சில நாள் ஊறட்டும். பிறகு பில்லர் மேல் ஐஸ் வைத்துக் குளிரவிட்டு, பில்லரை வைஸில் பிடித்து, ஃப்ரேமையே மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். அசையாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி ஊற விடுங்கள்.

பவுடர் கோட்டிங் 200 டிகிரிச் சூட்டில் வேகும். பித்தளை ஒட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்குப் பயம் அதற்கு முன்னால் போடும் மணல் வீச்சில்தான். இந்த ட்யூபுகளின் நடுப்பகுதி 0.6 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், லாரி சேஸிஸுக்குப் போடும் வேகத்தில் போட்டால் என்ன ஆவது? பவுடர் தடிமனாக நின்று லக்கின் கூர் ஓரத்தையும் மூடிவிடும். ஒருவர் கையால் அரம் போட்டு அந்த ஓரத்தை எடுத்திருக்கிறார், அது தெரிய வேண்டும். வீட்டிலேயே செய்யுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் ரொம்ப நன்றி. ஜனவரி வரை பெயிண்ட் டப்பாவைத் தொடமாட்டேன். எங்கெல்லாம் டேப் ஒட்டி மறைக்க வேண்டும்? முடிந்ததும் ரோட்டில் ஓட்ட முன் பிரேக் வேண்டும், ஃபோர்க்கில் ஓட்டை போடலாமா?

பதில் (கோத்தகிரி)

பி.பி. மரை, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) கப் உட்காரும் இடம், சீட் ட்யூபின் உள்புறம், ஃபோர்க்கின் குரோம். பின் வாயின் உள், வெளி முகங்களில் பெயிண்ட் படவே கூடாது. நட்டை இறுக்கும்போது அந்தப் பெயிண்ட் நசுங்கும், மிதியின் வேகத்தில் சக்கரம் வலப்பக்கம் முன்னால் இழுபட்டு, டயர் இடது பக்கம் உரசும். அங்கே கிரீஸ் தடவி வைத்தால் போதும்.

ஓட்டை போடாதீர்கள். அந்த ஃபோர்க்கைத் துணி சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே ஒரு அங்குலத் தண்டும் அதே நீளமும் உள்ள, பிரேக் ஓட்டையோடு வரும் வேறு ஃபோர்க்கை ரோட்டுக்கு மாட்டுங்கள். ஃபிக்ஸட் கியரை (சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும் வகை) காலால் மட்டும் பிடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கவே கூடாது.

பதில் (கோவை, கார் பெயிண்டர்)

தம்பி, பிரைமருக்கு அப்புறம் 400 தாள், கலருக்கு நடுவுல 800, ரெண்டும் தண்ணி போட்டு. லக் ஓரத்துல தாளைக் கட்டை வெச்சுப் பிடிக்காதீங்க, விரல்லயே தேய்ங்க, இல்லைன்னா ஓரத்துல பெயிண்ட் போயி இரும்பு தெரியும். தண்ணி போட்டுத் தேய்ச்சா ட்யூபுக்குள்ள போன தண்ணி வெளிய வரணும், ஃப்ரேமைத் தலைகீழா மாட்டிக் காய விடுங்க. எல்லாம் முடிஞ்சு, பி.பி. மாட்டறதுக்கு முன்னால காய்ச்சின ஆளிவிதை எண்ணெயை ட்யூபுக்குள்ள ஊத்தி, எல்லாப் பக்கமும் உருட்டி வடிச்சுடுங்க. துடைச்ச துணியைச் சுருட்டி மூலைல போடாதீங்க, அந்த எண்ணெய்த் துணி தானாவே தீப்பிடிக்கும். தண்ணில நனைச்சு, வெளிய விரிச்சுக் காயப் போடுங்க.