ஓசுவின் ஜாடிக் காட்சி: ஒரு தாள் குறிப்பில் எப்படி எழுதுவது?

வணக்கம் நண்பர்களே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டாக் ஃபிலிம்ஸ் போல மாணவர்களே நடத்தும் அமெரிக்க அரங்கு ஒன்றில் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்' (1949, 108 நிமிடம்) 35 மி.மீ. ஃபிலிம் பிரதியில் ஓடப்போகிறது. பார்வையாளர்களுக்கு வாசலில் கொடுக்கப் படக்குறிப்பாக ஒரே ஒரு தாள். எழுத்து 11 புள்ளிக்குக் கீழே போனால் மங்கிய வெளிச்சத்தில் யாரும் படிக்க மாட்டார்கள்.

சிக்கல் கியோட்டோ விடுதிக் காட்சியில்தான். படுத்திருக்கும் கதாநாயகி நோரிகோ மேலே பார்த்துப் புன்னகைக்கிறாள். அடுத்த ஷாட்டில் நிழலாடும் காகிதத் திரைக்கு முன்னால் ஒரு ஜாடி. திரும்ப அவள் முகம். இப்போது அழுகை முட்டி நிற்கிறது. மறுபடி அதே ஜாடி. திரை விமர்சகர் பால் ஷ்ரேடர் 1972-இல் இதற்கு ஆன்மிக விளக்கம் தந்தார். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் வேறு விதமாகப் பார்த்தார். இதை முன்பே சொல்லிவிட்டால் பார்வையாளர் படத்தை விட்டுவிட்டு ஜாடிக்காகக் காத்திருப்பார். சொல்லாவிட்டால் குறிப்பு வெறும் கதைச்சுருக்கமாகிவிடும். அது படத்துக்கே அநியாயம்.

முன்பக்கத்தில் ஓசுவின் தாழ்ந்த கேமராவும், போருக்குப் பின் ஜப்பானில் அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கையும், பின்பக்கத்தில் 'படம் முடிந்தபின் படிக்க' என்று ஜாடி விவாதமும் வைக்கலாமா? இப்படிப் பிரித்துக் கொடுத்தவர்கள் இருந்தால், மக்கள் உண்மையிலேயே திருப்பிப் படித்தார்களா என்று சொல்லுங்கள். தணிக்கைக்கு எத்தனை வரி போதும்?

டிவிடி போன்ற வட்டில் பார்த்து எழுதும்போது வசனத்தை மேற்கோள் காட்டுவதில்லை. பிரதியின் சப்டைட்டில் மாறியிருக்கலாம். பட விகிதம் (உயரத்துக்கு அகலம்) 1.37 என்பதையும் தாளில் போடுகிறோம். புரொஜெக்டரில் 1.85 விகித மறைப்புத் தகடு போட்டு ஓட்டினால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, சட்டக அமைப்பைப் பற்றி எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

வரும் வெள்ளிக்குள் அச்சுக்குப் போகவேண்டும்.