11-25 கேசட்டோடு சைக்கிளில் ஏலகிரி ஏறியவர்கள் யாராவது உண்டா?

பாரிவளைவு:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. சைக்கிளில் முன்னால் 52/36, அதாவது 52 பல், 36 பல் என்று இரண்டு பல்சக்கரம்; பின்னால் கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, 11 பல்லிலிருந்து 25 வரை. வாங்கும்போதே கடையில், "மெட்ராஸ்ல மேடு எங்க சார் இருக்கு?" என்றார்கள். ஈசிஆரில் இரண்டு வருடம் ஓட்டியதில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கத்திப்பாரா மேம்பாலம்தான் நான் பார்த்த மலை.

ஏலகிரியில் 14 வளைவு, புலவர்கள், வள்ளல்கள் பெயரில். பாரி பலகை வரும்போது இருப்பதிலேயே லேசான கடைசிப் பல்லில்தான் இருக்கிறேன், ஆனாலும் விரல் கியர் லிவரை அழுத்திக்கொண்டே இருக்கிறது. டிவிஎஸ் ஃபிஃப்டியில் இரண்டு பலாப்பழத்தோடு வந்த பெரியவர் என் வேகத்துக்குக் குறைத்து, "ஏம்பா, இது கியர் சைக்கிள்தான?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். காலை ஊன்றிவிட்டேன். பக்கத்தில் ஒரு முல்லைக்கொடி இருந்திருந்தால் சைக்கிளை அதற்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

எதிர்க்காற்று:
கேசட் மேல் பழி போடாதீர்கள், பயிற்சி போதவில்லை. நானும் ஒருமுறை பயந்துபோய் 11-34 போட்டேன். மார்கழி, மாமல்லபுரத்திலிருந்து ஆறு பேர் திரும்புகிறோம், வடகிழக்குக் காற்று முகத்தில். முட்டுக்காடு பாலத்தில் 15 பல்லில் தொடை எரிகிறது, 17-க்குத் தட்டினால் கால் சும்மா சுற்றுகிறது. நடுவே 16 கிடையாது. உங்கள் 11-25-இல் உண்டு! முன்னால் போனவரின் சக்கரம் ஒரு முழம் விலகியது, அப்புறம் பத்தடி, அப்புறம் ஆளே தெரியவில்லை. உத்தண்டி டோல் வரை தனியாகத்தான் வந்தேன். வருடத்துக்கு ஒரு மலைக்காக வாரம் மூன்று நாளைக் கெடுத்துக்கொள்வதா?

முட்டிவலி:
ஏற்காட்டு 20 வளைவில் பாதி நடந்தவன் நான், கதை அவ்வளவுதான். எதிர்க்காற்று சார், பயிற்சி என்று சொல்லும் முன் கணக்குப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர். முன்னால் 36-க்குப் பின்னால் 25 என்றால் ஒரு முழு மிதிச் சுற்றுக்கு 3 மீட்டர்; 34-க்கு 34 என்றால் அதே 2.1. மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏறினால் முதலாவதில் நிமிடத்துக்கு 44 மிதி, இரண்டாவதில் 63. 44-இல் தொடை ஓய்ந்ததும் முட்டிதான் வாங்கும்.

பாரிவளைவு, கேசட் மட்டும் வாங்கிவிடாதீர்கள். முதலில் பின் டிரெயிலியரைப் பாருங்கள், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கை அதுதான். ஷிமானோ 105 ஆர்7000 மாடல் என்றால், அதில் செயினை இழுத்துப் பிடிக்கும் கேஜ் குட்டையாக இருந்தால் 30 பல் வரைதான், நீளமாக இருந்தால் 34. செயினையும் பெரிய கேசட்டுக்கு அளந்து போடுங்கள். பழைய செயினோடு முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரியது என்று தட்டினால் டிரெயிலியர் கையோடு வந்துவிடும். முன்னால் 50/34 மாற்றினால் இன்னும் நல்லது. ஈசிஆருக்கு 11-25-ஐ வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் போகிற வாரம் மட்டும் மாற்றலாம், டிரெயிலியருக்கும் கேசட்டுக்கும் இடைவெளி வைக்கும் பி-ஸ்குரூவைச் சரிசெய்ய மறக்க வேண்டாம். அப்புறம், இட்லி சாப்பிட்ட உடனே ஏறாதீர்கள்.

பாரிவளைவு:
நான் யோசனை கேட்கவில்லையே சார். அந்தப் பெரியவரிடம் "ஆமாங்கய்யா" என்றுதான் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.