உசாத்துணைப் பட்டியலில் தமிழ்ப் பெயர்: இனிஷியலை விரிக்கலாமா?

அஸ்தம்பட்டி:
ஏற்காட்டு மலையாளிப் பழங்குடிகளைப் பற்றிய சமூகவியல் கட்டுரைகள் பலவற்றில் ஒரே குறை. உசாத்துணை எழுதும் முறைகளில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடையில் எல்லா ஆசிரியருக்கும் இனிஷியல் மட்டும் போதும். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் ஏஎஸ்ஏ நடை முதற்பெயரை முழுசாகக் கேட்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ‘தர்ஸ்டன், எட்கர்’ என்று வெள்ளைக்காரருக்கு முழுப்பெயர் போட்டுவிட்டு, அடுத்த வரியில் ‘ஸ்ரீநிவாஸ், எம். என்.’ என்று நம்மவரை எழுத்தாகச் சுருக்குகிறோம். சமூகவியலாளர் மைசூர் நரசிம்மாச்சார் ஸ்ரீநிவாஸ் என்பது ஊரறிந்த பெயர். இனிஷியல்களை விரித்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சூரமங்கலம்:
விதியில் பாதியைத்தான் சொல்கிறீர்கள் அண்ணா. நூலாசிரியர் இனிஷியலோடுதான் வெளியிட்டிருக்கிறார் என்றால் அதையே வைக்கச் சொல்வதும் அதே ஏஎஸ்ஏதான். குடகர்களைப் பற்றிய 1952ஆம் ஆண்டு நூலின் தலைப்புப் பக்கத்தில் எம். என். ஸ்ரீநிவாஸ் என்றே இருக்கிறது. இது நம்மவருக்கு மட்டும் வந்த கதியும் இல்லை. 1918இல் வந்த சேலம் மாவட்ட கெஜட்டியரை எடுங்கள்: எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ். அவரும் இனிஷியலோடுதான் நிற்கிறார்.

இன்னொன்று, நம் இனிஷியல் முதற்பெயரே அல்ல. ஊர்ப்பெயரோ அப்பா பெயரோதான். ஸ்ரீநிவாஸின் இனிஷியல் எதைக் குறிக்கிறது என்பது நமக்குத் தெரியும். பெரியார் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்த ஒருவரின் ‘பி.’ பெரியசாமியா, பெத்தநாயக்கன்பாளையமா? ஊகித்து எழுதினால் இல்லாத ஆசிரியர் ஒருவரை நாமே உண்டாக்கினதாகும். அந்தப் பெயரைப் போட்டு நூலகப் பட்டியலில் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

நாகலூர்:
விரிப்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால், பெயர் சரியான எழுத்து வரிசையில் நிற்கிறதா என்று பாருங்க. ‘செல்வி கே’ என்று இனிஷியல் பின்னால் வரும் கட்டுரையை, உசாத்துணைகளைச் சேகரிக்கும் மென்பொருளான சோட்டெரோ இழுக்கும்போது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் ‘கே, செல்வி’ என்று வரும். எஸ் வரிசையில் இருக்க வேண்டியவர் கே வரிசைக்குப் போய்விடுவார். கட்டுரைக்குள்ளே ‘(கே 2014)’ என்று நிற்கும். யார் அந்தக் கே என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

கடைசிப் பெயர்க் கட்டத்தில் ‘செல்வி’, முதற்பெயர்க் கட்டத்தில் ‘கே.’ என்று கையால் மாற்றுங்க. ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறாங்க. பட்டியல் வரிசை சரியாகும், ஆனால் உள்ளே ‘(செல்வி கே 2014)’ என்று இனிஷியலும் சேர்ந்து வரும். ஒற்றைக் கட்டம் நிறுவனங்களுக்குத்தான். ‘தமிழ்நாடு அரசு’ என்பதை இரண்டு கட்டத்தில் விட்டால் ‘அரசு, தமிழ்நாடு’ ஆகிவிடும்.

அஸ்தம்பட்டி:
ஊகித்து விரிக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு செல்வி வந்தால்? 2014ஏ, 2014பி என்று பிரித்தால் இருவரும் ஒருவர் என்றே படிப்பவர் நினைப்பார். விரித்திருந்தால் இந்தச் சிக்கலே வராது.

சூரமங்கலம்:
ஏ, பி போடுவது ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டு எழுத்துக்கு மட்டும். ஆள் வேறென்றால் உள்ளே இனிஷியலை முன்னால் வைத்தால் போதும்: ‘(கே. செல்வி 2014, எம். செல்வி 2014)’. இனிஷியலும் ஒன்றாகவே இருந்து, அவர்களே வேறொரு கட்டுரையில் முழுப்பெயர் போட்டிருந்தால், அங்கே விரிக்கலாம். அந்த ஓர் இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

தர்ஸ்டனைச் சொன்னீர்கள். 1909இல் வந்த அவருடைய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் ஏழு தொகுதிகளின் தலைப்புப் பக்கத்தில் உதவியவராகக் கே. ரங்காச்சாரியின் பெயரும் இருக்கிறது. நம்மவர் பெயர் சுருங்குகிறதே என்று வருந்துகிற கட்டுரைகளிலேயே அவர் பெயர் அடியோடு விடுபட்டிருக்கிறது! ஏஎஸ்ஏவில் முதல் ஆசிரியரின் பெயரை மட்டும்தான் திருப்பிப் போடுவது. ஆகவே ‘தர்ஸ்டன், எட்கர் மற்றும் கே. ரங்காச்சாரி. 1909.’ ஏபிஏ என்றால் இருவரையும் திருப்ப வேண்டும். தர்ஸ்டன் தனியாக எழுதியவை இந்தப் பதிவுக்கு மேலே வரும், ஆண்டு எதுவானாலும்.

நாகலூர்:
ரிச்சர்ட்ஸின் மறுபதிப்பைப் பார்த்து எழுதுகிறவர்கள் 1918ஐச் சதுர அடைப்பில் போட்டு, அதன் பக்கத்தில் மறுபதிப்பு ஆண்டைத் தர வேண்டும். மறுபதிப்பு ஆண்டு மட்டும் இருந்தால், காலனி ஆட்சிக்கால விவரத்தைச் சுதந்திரத்துக்குப் பிந்தைய களஆய்வு என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார்.

அப்புறம், ஏபிஏ பட்டியலை அப்படியே ஏஎஸ்ஏவாக மாற்ற முடியாதுங்க. முதற்பெயர் அதில் ஏற்கெனவே தொலைந்திருக்கும். ஒவ்வொரு நூலின் தலைப்புப் பக்கத்தையும் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

அஸ்தம்பட்டி:
ரங்காச்சாரி விஷயத்தில் நீங்கள் சொன்னபடி திருத்துவதே நியாயம். ஆனால் தலைப்புப் பக்கத்தில் இனிஷியலும் அதே நூலின் முன்னுரைக் கையொப்பத்தில் முழுப்பெயரும் இருந்தால், முழுப்பெயரையே எடுப்பேன். அது ஊகம் இல்லை, ஆசிரியர் தானே எழுதியது.