கடற்காற்றில் நின்று எரியும் திரி: வீட்டில் மெழுகுதிரி செய்யத் தொடங்கிய அனுபவங்கள்

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்திலிருந்து:

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு எங்கள் பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கடைகளில் மெழுகுதிரி தீர்ந்துவிட்டது. கிடைத்த ஒன்றிரண்டும் காற்றில் ஒருபுறமாக வழிந்து சீக்கிரமே முடிந்தன. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகக் குருசடியில் (சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டிடம்) ஏற்றி வைத்த திரிகளும் நிற்கவில்லை. காற்றுக்கு நிற்கும் திரியை நாமே செய்ய முடியாதா என்ற எண்ணம் அந்த நாட்களில் பிறந்ததுதான்.

அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்பு நானும் மைனியும் (அண்ணி) இரண்டு கிலோ பாரஃபின் மெழுகுப் பாளமும் ஓர் அலுமினிய அச்சும் வாங்கினோம். திரிநூலுக்குத் தனியாகச் செலவு செய்வானேன் என்று குத்துவிளக்குக்கு வைத்திருந்த முறுக்குத் திரியையே உள்ளே இட்டோம். மெழுகுதிரிகள் பார்வைக்கு நன்றாகவே வந்தன. ஏற்றியபோதுதான், சுடரின் நடுவே திரி கருகி நிமிர்ந்து நின்று, நுனியில் கரி கட்டி, புகை கக்குவதைக் கண்டோம். விளக்கில் எண்ணெய்க்குப் பொருந்துகிற திரி மெழுகுக்குப் பொருந்துவதில்லை. மெழுகுதிரிக்குப் பின்னல் திரிதான் வேண்டும். பின்னிய நூல் எரியும்போது நுனி ஒருபக்கமாக வளைந்து சுடருக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. அங்கே காற்று தாராளமாகக் கிடைப்பதால் நுனி முழுதாக எரிந்து சாம்பலாகிறது, கரி சேர்வதில்லை. 1825 வாக்கில் பிரான்சில் இந்தப் பின்னல் திரி வரும் முன்பு, எரிகிற திரியின் நுனியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறத்தையும் நறுமணத்தையும்தான் முதலில் கேட்கிறார்கள். திரியின் தடிமனைச் சரியாகத் தேர்வதற்கு முன்பு அவற்றுக்குச் செலவழிக்கும் பணம் வீண் என்பது என் உறுதியான கருத்து. ஒரே அச்சில் மூன்று தடிமன்களில் திரியிட்டு வார்த்து, ஒரே அறையில் ஏற்றி, ஒரு மணி நேரம் அருகிலேயே இருந்து பாருங்கள். திரி மெலிந்திருந்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து, உருகிய மெழுகிலேயே சுடர் மூழ்கி அணைந்துவிடும். தடித்திருந்தால் சுடர் நீண்டு ஆடும், புகை வரும், ஓரம் உடைந்து மெழுகு வழியும். உருகிய மெழுகு ஓரத்துக்குச் சற்று உள்ளே வரை பரவி, சுடர் ஆடாமல் நிற்கிறதென்றால் அந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெழுகை மாற்றினாலோ அச்சை மாற்றினாலோ இந்தச் சோதனையைத் திரும்பவும் செய்யத்தான் வேண்டும்.

ஐப்பசி மழையில் வேறொரு தொல்லை வந்தது. சுடர் படபடவென்று பொரிந்தது. காற்றின் ஈரத்தைப் பருத்தி குடித்திருந்ததே காரணம். அதிலிருந்து, வார்ப்பதற்கு முன்பு திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்து, இழுத்து நேராக்கி உலர விடுகிறோம். அந்தக் குமிழிகளோடு நூலுக்குள் இருக்கும் காற்றும் ஈரமும் வெளியேறுகின்றன. அச்சையும் துளி நீர் இல்லாமல் துடைத்துக் காயவைக்க வேண்டும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் நீருள்ள சருவத்துக்குள் (அகன்ற பாத்திரம்) தூக்குவாளியை இறக்கி உருக்குகிறோம். நாங்கள் வாங்கும் பாளம் 58 முதல் 60 பாகை செல்சியசில் உருகுகிறது; 75 அல்லது 80 பாகைக்கு வந்ததும் வார்க்கிறோம். எவ்வளவு மெழுகு தேவை என்று அறிய, அச்சில் நீர் நிரப்பி அளந்து அதை 0.9 ஆல் பெருக்கினால் போதும். 100 மில்லி லிட்டர் பிடிக்கும் அச்சுக்கு 90 கிராம் மெழுகு ஆகும். பாரஃபின் குளிரும்போது சுருங்கி, திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அது பிழையன்று. கொஞ்சம் மெழுகை மீத்து வைத்திருந்து, திரியை ஒட்டிக் கம்பியால் துளையிட்டு இரண்டாம் முறை ஊற்றினால் நிரம்பிவிடும்.

காற்றுக்கு நாங்கள் கண்ட வழி, தடித்த கண்ணாடிக் குவளையில் விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே மெழுகு நிற்கும்படி வார்ப்பது. தேங்காய்ச் சிரட்டையில் வார்த்தது அழகாக இருந்தது. ஆனால் அது ஆழமில்லாதது, ஓரத்தில் தீப்பிடிக்கவும் கூடியது என்பதால் விட்டுவிட்டோம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேனீப் பெட்டிகள் உண்டு. ரப்பர் மரங்கள் புதுத்துளிர் விட்டு, இலைக் காம்பில் சுரக்கும் மதுவைத் தேனீக்கள் எடுக்கும் பருவம் முடிந்ததும், கழித்த பழைய தேனடைகளைக் குப்பையில் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. எடுத்துச் சேர்த்து வைத்தாலோ மெழுகுப் பூச்சி அரித்துவிடும். அதனால் அவற்றை உடனே உருக்கி மெழுகுதிரி செய்யத் தொடங்கினேன்.

கறுத்த அடையில் புழுக்கூட்டின் தோல் நிறைய இருக்கும். அதை அப்படியே உருக்கினால் மெழுகை அந்தச் சக்கையே குடித்துவிடுகிறது. அடையை நீரில் ஊறவைத்து, பருத்தித் துணிப்பையில் கட்டி, மேலே கல் வைத்துச் சுடுநீரில் அமிழ்த்தினால் மெழுகு மட்டும் கசிந்து மிதக்கும். ஒரு இரவு ஆறவிட்டால் மேலே தட்டாகக் கட்டிவிடும். இரும்புப் பாத்திரத்திலும் செம்புப் பாத்திரத்திலும் நிறம் கெடுகிறது, எவர்சில்வர் நல்லது. ஒரு பெட்டியிலிருந்து கிடைப்பது மிகச் சிறிதுதான் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும், பாரஃபினைவிடப் பிசுபிசுப்பு மிகுந்தது. ஆகவே அதே அச்சுக்கு இன்னும் தடித்த திரி வேண்டும். இதை அறியாமல் நான் வார்த்த முதல் பன்னிரண்டு மெழுகுதிரிகளும் பாதியில் அணைந்தன. கோவிலில் ஈஸ்டருக்கு ஏற்றும் பாஸ்கா திரிக்கு மரபாகத் தேன்மெழுகே பயன்பட்டது என்பதைப் பங்கில் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டபோது, அந்தப் பன்னிரண்டையும் மறுபடி உருக்கி வார்க்க மனம் வந்தது.

தக்கலையிலிருந்து:

முட்டத்து அக்கா நீர்ச் சருவத்தைப் பற்றி எழுதியதை யாரும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். நான் அவசரத்தில் மெழுகை நேரே அடுப்பில் வைத்துவிட்டுக் குழந்தை அழுகிறதென்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பாத்திரத்தில் தீ. நல்லவேளையாக மாமியார் என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடினார்கள். எரியும் மெழுகில் நீர் பட்டால் அது கணத்தில் ஆவியாகி, கொதிக்கும் மெழுகை நாற்புறமும் தெறிக்க வைக்கும். இப்போது அடுப்பருகில் மூடியை எடுத்து வைத்த பிறகுதான் மெழுகைத் தொடுகிறேன். மீந்த மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்துவிடும். காகிதத்தில் ஊற்றி ஆறவைத்து எடுத்து வையுங்கள்.

முட்டத்திலிருந்து, மீண்டும்:

மார்த்தாண்டத்து அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, பாரஃபின் நான்கு பங்குக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு கலந்து, ஓர் அளவு தடித்த திரியிட்டுக் குவளையில் வார்த்தோம். நேற்று மாலை கடலைப் பார்த்த மொட்டை மாடியில் ஏற்றி வைத்தோம். ஏழு மணியிலிருந்து பத்தரை மணி வரை, நாங்கள் எழுந்து அணைக்கும் வரை எரிந்தது. மைனி அடுத்த பாளத்தை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.