சொந்தமா தைச்ச டிரெஸ்ஸைப் படமெடுக்கறப்போ மனசுல தங்கிப்போன ஒண்ணு – அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கு மேலயும் இருக்கறது எழுதுனவங்க வெச்சுக்கிட்ட பேரு)

நெகமம் கட்டம்

பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் கைத்தறிக் காட்டன்ல தைச்ச கவுன். மஞ்சள்ல மெல்லிசாக் கருநீலக் கட்டம், இடுப்பச் சுத்திக் கொசுவம், முழங்காலுக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் நீளம். சைடு ஜாயின்ட்ல கட்டத்தோட கட்டம் பிசகாமச் சேர்ந்திருக்கும். அந்த உடுப்போட பெருமையே அங்கதான். படத்தை லேப்டாப்புல தொறந்தா அந்த இடத்துல கட்டமே இல்லீங்க. பச்சையும் ஊதாவுமா வளைவு வளைவா அலை ஓடுது. தைச்ச கையோட வேலை மொத்தமும் அந்த அலைக்குள்ள போயிருச்சு.

காரணம் கணக்குத்தான். 6000 புள்ளி (பிக்சல்) உயரமுள்ள படத்துல அஞ்சடி உடுப்பு முழுசா அடங்குனா, ஒரு மில்லிமீட்டர் துணிக்கு நாலு புள்ளி கிடைக்கும். இஞ்சுக்கு 80 இழை ஓடுற துணின்னா ஒரு இழைக்கு ஒண்ணேகால் புள்ளிதான். இழையும் புள்ளியும் இப்படிக் கிட்டக்கிட்ட வர்றப்போ கேமரா சென்சார், துணில இல்லாத கோட்டையெல்லாம் வரையும். கிட்டப் போய் பாதி உடுப்பை மட்டும் எடுத்தா இழைக்கு ரெண்டரை புள்ளி ஆயிரும், அலை போயிரும். முழு உடுப்பும் வேணும்னா ஒரு படத்துக்கு மட்டும் அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) எஃப் 16-க்கு மூடிப் பாருங்க. படம் ஒரு சுத்து மழுங்கும், அலையும் அடங்கும்.

இன்னொண்ணு. சின்னதாப் பாத்தா அலை தெரிஞ்சு, 100 சதவீதம் பெருசாக்குனா காணோம்னா, அது கேமரா செஞ்சதில்லை, ஸ்கிரீன் செஞ்சது. அந்தப் படத்தை அழிச்சுப்போடாதீங்க. சின்னதாக்கி ஏத்தறப்போ ஒரே தாவுல குறைக்காம ரெண்டு மூணு படியாக் குறைச்சாப் போதும்.

காங்கயம் தையல்

மேல சொன்னது பாதிதானுங்க. கேமராவைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால துணியப் பாக்கோணும்.

கட்டம் போட்ட பாவாடை ஒண்ணு, பொம்மைக்குப் போட்டு எடுத்த படம். பொம்மை நேரா நிக்குது. பின்னால கதவு நேரா நிக்குது. முன்பக்கக் கோடு மட்டும் இடுப்புல இருந்து கீழ வர்றதுக்குள்ள ரெண்டு விரக்கடை வலப்பக்கம் ஓடிப்போயிருச்சு. படத்தைச் சாய்ச்சு அதை நேராக்குனா கதவு சாயுது.

அது வெட்டறதுக்கு முந்தியே நடந்த கோளாறு. கைத்தறிக் காட்டனைக் கடையில இருந்து வாங்கின கையோட வெட்டக்கூடாதுங்க. ராத்திரி முழுக்கப் பச்சத் தண்ணில ஊறட்டும். முறுக்கிப் பிழியாம நிழல்ல காய வையுங்க. மீட்டருக்கு மூணு நாலு சென்டிமீட்டர் சுருங்கறது சாதாரணம். அரை ஈரத்துல ரெண்டு பேர் எதிரெதிர் மூலையப் பிடிச்சுக் குறுக்கா இழுத்தா ஊடை (குறுக்கு இழை) நேராகும். பொறகு பாவு (நெடுக்கு இழை) ஓடுற பக்கமா மட்டும் அயர்ன் பண்ணுங்க. குறுக்கால தேய்ச்சா திருப்பியும் கோணும்.

கட்டம் சேர்க்கறதுக்கு ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு முழுக் கட்டம் கூடுதலா விடோணும். துணிய ரெண்டா மடிச்சு ஒரே வெட்டா வெட்டவே கூடாது. அடியில இருக்கற துணி எங்க நகர்ந்துச்சுன்னு தெரியாது. ஒரு பீஸை வெட்டி, அதைக் குப்புறப் போட்டு அடுத்ததை வெட்டோணும். மிஷின்ல ஏத்தறதுக்கு முந்தி இஞ்சுக்கு ஒரு குண்டூசி, கோட்டு மேலயே குத்துங்க. இல்லைன்னா கையில ஓட்டுத்தையல் போடுங்க. மிஷின் பல்லு அடித்துணிய முன்னால இழுக்கும், காலு மேல்துணியப் பின்னால தள்ளும். ஒரு கெஜம் தைச்சு முடிக்கறதுக்குள்ள கால் இஞ்ச் பிசகிரும். அந்தக் கால் இஞ்ச் கண்ணாடில தெரியாது, படத்துல தெரியும்.

காத்தாடி மேடு

பல்லடத்துக்கிட்ட கேத்தனூர்ப் பக்கம், ஆடிக் காத்து. கருநீல அம்ப்ரல்லா (முழு வட்டமா வெட்டுன) கவுன். மார்புப் பக்கம் முழுக்கக் கையில போட்ட பூவேலை. இருக்கற படத்துலயே நல்ல படம் எதுன்னா, காத்து ஒரே தூக்காத் தூக்கி அடிவட்டம் மொத்தமும் விரிஞ்ச படம்தான். அதுல பூவேலை தெரியல. தெரியறது உள்பக்கம்: கருநீலத் துணில வெள்ளை நூல் ஓவர்லாக் (ஓரம் பிரியாம இருக்கப் போடற தையல்), அதுக்குக் கீழ உடுப்பை உப்பலா நிறுத்தற கேன்கேன் வலையோட வெட்டுன ஓரம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனில இருந்து ஆவணி வரைக்கும் வர்ற மேக்காத்து நிக்காது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி எங்க போனாலும் இதேதான். அதனால காத்துல எடுக்கப்போற உடுப்போட உள்பக்கத்தையும் வெளிப்பக்கம்னு நினைச்சுத் தைக்கோணும். ஓவர்லாக் நூல் துணி நிறத்துலயே இருக்கட்டும். லைனிங் ரெண்டு இஞ்ச் குட்டையா, தனியாத் தொங்கட்டும். கேன்கேன் ஓரத்துக்கு சாட்டின் பைப்பிங். அடிமடிப்புக்குள்ள திரைச்சீலைக்குப் போடற ஈயச்சரத்தை ஒரு சுத்து விட்டா, துணி பறக்கும், ஆனா மூஞ்சி வரைக்கும் ஏறாது.

நிக்கற விதமும் முக்கியம். நேரா மேக்கால பாத்து நின்னா துணி முன்னால உடம்போட ஒட்டிரும். அதுல இருந்து 45 டிகிரி திரும்பி நின்னா முடி பின்னால போகும், பாவாடை ஒரு பக்கமா விரியும், பொழுது சாயற நேரத்து வெளிச்சமும் மூஞ்சில விழும். ஓரம் கூர்மையா நிக்க 1/1000 ஷட்டர் வேணும். 1/60-ல எடுத்தா துணி ஓடுற மாதிரி வரும்னு சிலபேர் சொல்றாங்க. அந்தக் காத்துல ஆளும் சேர்ந்துதான் அசையறாங்க, மூஞ்சியும் கலங்கிரும்.

காங்கயம் தையல்

அம்ப்ரல்லாவுக்கு ஒண்ணு விட்டுட்டீங்க. 28 இடுப்புக்கு 6.28-ஆல வகுத்தா நாலரை இஞ்ச் ஆரம், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். வட்டத்துல நாலு எடத்துல துணி கிராஸா (இழைக்குச் சாய்வா) விழும். அந்த நாலு எடமும் தன் கனத்துலயே கீழ இறங்கும். ஒரு ராத்திரி ஒரு பகல் தொங்கவிட்டு, பொறகு தரையில இருந்து ஸ்கேல் வெச்சு அளந்து ஓரத்தை வெட்டோணும். கேமராவைத் தாழ வெச்சு எடுக்கற படத்துல இந்த ஏத்த இறக்கம்தான் முதல்ல கண்ணுக்குப் படும். பாரிஸ்ல மேடலின் வியோனேன்னு ஒரு டிசைனர் கிராஸ் வெட்டைப் பெரிய கலையாவே ஆக்குனாங்க. பாதி அளவு மரப்பொம்மைல துணியச் சுத்திப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. டிசைனர் ஆகணும்னு இருக்கற பிள்ளைங்க ஒரு சின்ன பொம்மை வெச்சுக்கங்க, துணி மிச்சமாகும்.

ஆரி ஊசி

கல்யாண ரவிக்கை. அரக்கு நிறம், முதுகுல ஜர்தோசி (உலோகக் கம்பி எம்ப்ராய்டரி) மயில். நேர்ல தங்கமா மின்னுது, படத்துல மயில் கறுப்பு. சரியாச் சொன்னா கறுத்த பித்தளை. கேமரா மேலயே இருக்கற ஃப்ளாஷை அடிச்சா நடுவுல ரெண்டு வெள்ளைப் புள்ளி, மத்ததெல்லாம் இன்னும் கறுப்பு.

ஜர்தோசி, ஜரிகை, கண்ணாடிக் கல் எல்லாமே எதிர்ல இருக்கறதைத்தான் காட்டும். எதிர்ல இருட்டு ரூம் இருந்தா இருட்டைக் காட்டும். அதனால வெளிச்சத்தைக் கூட்டிப் புண்ணியமில்லை, எதிர்ல வெள்ளையா எதையாவது நிறுத்தோணும். ஒரு மீட்டர் தெர்மாகோல் அட்டை ரெண்டு, கேமராவுக்கு ரெண்டு பக்கமும் ரவிக்கையப் பாத்த மாதிரி. லென்ஸ் நுழையற அளவுக்கு மட்டும் நடுவுல சந்து. அப்பறம் வடக்கு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல, துணிய உரசிக்கிட்டு 15-20 டிகிரில வரட்டும். அப்பத்தான் நூல் மேடும் பள்ளமும் நிழலோட தெரியும். நேரா விழற வெளிச்சத்துல ஆரி வேலையும் பிரிண்ட் துணியும் ஒண்ணுதான். கல்லு வெள்ளையா எரிஞ்சா ஜன்னல்ல பட்டர் பேப்பரை ஒட்டுங்க.

சிறுமுகை கோரா

ஆரி ஊசி அக்கா, தெர்மாகோல் சொன்னது முழுக்கச் சரி. வடக்கு ஜன்னல்தான் நம்ம ஊருக்கு வருசம் பூரா ஒத்துவராது.

இர்விங் பென்னுங்கற போட்டோகிராஃபர் 1948-ல பெரு நாட்டுக் கூஸ்கோவுல அந்த ஊர் சனங்களை அவங்க உடுப்போட நிறுத்தி எடுத்த படங்களைப் பாத்துட்டு எல்லாரும் வடக்கு வெளிச்சம்னு சொல்ல ஆரம்பிச்சுர்றாங்க. அந்தப் படங்களப் பாத்தா யாருக்கும் ஆசை வரும், எனக்கும்தான். ஆனா கோயமுத்தூர் இருக்கறது 11 டிகிரி வடக்குல. ஏப்ரல் மூணாம் வாரத்துல இருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் உச்சிநேரத்துச் சூரியன் நமக்கு வடக்க தள்ளித்தான் நிக்கும். அந்த மாசங்கள்ல காலையிலயும் சாயங்காலமும் வடக்கு ஜன்னல்ல நேர்வெய்யிலே வந்து விழும். அப்போ தெக்கு ஜன்னல்தான் அமைதியான வெளிச்சம். ஐப்பசில இருந்து பங்குனி வரைக்கும் நீங்க சொல்ற வடக்கு.

கோராப் பட்டும் பருத்தியும் கலந்த கோரா காட்டன் எடுக்கறவங்களுக்குக் கூடுதலா ஒண்ணு. கோராப் பட்டுல பசை எடுக்காம விட்டிருப்பாங்க, அந்த விறைப்புதான் அதோட அழகு. கை, காலர் எல்லாம் நிமிந்து நிக்கறது அதனாலதான். ஸ்டீமரைக் கிட்டப் பிடிச்சா விறைப்பு தளர்ந்து துணி தொவண்டுரும், படத்துல வேற துணி மாதிரி இருக்கும். உள்பக்கமா, உலர்ந்த மல்துணி போட்டு, சூடு குறைச்சு அயர்ன் பண்ணுங்க. தண்ணி தெளிக்காதீங்க, சொட்டு விழுந்த எடம் வட்டமாத் தெரியும்.

தொட்டிக்கட்டு

ஜன்னலை விடுங்க. தொட்டிக்கட்டு வீட்டுல (நடுவுல வானம் பாத்த முத்தம் வெச்ச வீடு) எடுத்த படம் ஒண்ணு. பால் வெள்ளைப் பாவாடை, மேல சந்தன நிறச் சட்டை. சட்டை சரியா இருக்குது. பாவாடை முழங்காலுக்குக் கீழ ரோஸ் ஆயிருச்சு. சாயம் ஏறிருச்சா, வேற துணி ஒட்டுப்போட்டதான்னு கேக்கற அளவுக்கு.

சாயமில்லை, காவித் தரை. மேல தொட்டில இருந்து விழற வெளிச்சம் செவப்புத் தரைல பட்டு மேல எழும்புது. ஒயிட் பேலன்ஸ்ல (படம் முழுக்க நிறத்தைச் சரிபண்ற செட்டிங்) இதைச் சரிபண்ண முடியாது, ஏன்னா கீழ மட்டும்தான் செவப்பு. கீழ வெள்ளையாக்குனா மேல பச்சையடிக்கும். கிரே கார்டை (நிறம் அளக்கற சாம்பல் அட்டை) மூஞ்சிக்கிட்டப் பிடிச்சு அளக்கறவங்க பாவாடைகிட்டயும் பிடிச்சுப் பாக்கோணும். படத்துக்கு வெளிய, கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவுல வெள்ளை வேட்டிய நாலா மடிச்சு விரிச்சாத் தீந்துது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புலயும் இதே கதைதான், அங்க பச்சை. தோப்புக்குள்ள போகாம, ஓரத்துல வெட்டவெளியப் பாத்து நிறுத்துங்க.

உச்சிநேரத்துல தொட்டிக்கு நேர் கீழ நிறுத்தாதீங்க, கண்ணுக்குழி இருண்டுரும். ரெண்டடி ஆசாரத்துக்குள்ள (தொட்டியச் சுத்தின தாழ்வாரம்) தள்ளி நின்னா வெளிச்சம் சாய்வா வரும். கேமரா இடுப்பு உயரத்துல இருக்கட்டும். போன்ல எடுக்கறவங்க பத்துப் பன்னெண்டடி பின்னால போய் 2 எக்ஸ் லென்ஸ்ல எடுங்க. கிட்ட நின்னு அகல லென்ஸ்ல எடுத்தா தலை பெருசா, பாவாடை குட்டையா வரும்.

பவானிக்கரை

முதல் பதிவுல எஃப் 16-னு படிச்சதுல இருந்து பொறுக்கல. அது துணிக்குச் செய்யற அநியாயம். கட்டத்தைக் காப்பாத்தறேன்னு இழையத் தொலைச்சா, கைத்தறிக்கும் மில் துணிக்கும் படத்துல என்னங்க வித்தியாசம்? எஃப் 8-ல வெச்சு, ஒரு அடி முன்ன பின்ன நகர்ந்து, ரெண்டு மூணு தூரத்துல எடுத்துக்கங்க. ஏதோ ஒண்ணுல அலை இருக்காது.

இங்க மனசுல நிக்கறது வேற. பவானி ஜமக்காளத்துல தைச்ச குட்டை கோட்டு. செவப்பு, பச்சை, கறுப்புப் பட்டை. மொரட்டு நூலு, ஒவ்வொரு இழையும் விரல்ல தட்டுப்படும். படத்துல பச்சைலயும் கறுப்புலயும் இழை தெரியுது, செவப்புப் பட்டை மட்டும் பெயின்ட் அடிச்ச பலகை. கேமரா காட்டுற ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு காட்டற வரைபடம்) சரியாத்தான் இருந்துச்சு. மூணு நிறத்தையும் தனித்தனியாக் காட்டச் சொன்னாத்தான் செவப்பு மட்டும் வலப்பக்கம் முட்டி நிக்கறது தெரியுது. செவப்பு நிரம்பிருச்சு, அந்த எடத்துல பச்சைலயும் நீலத்துலயும் ஒண்ணுமே இல்லை, அப்புறம் இழை எங்கிருந்து தெரியும். எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) 2/3 ஸ்டாப் குறைச்சு ரா ஃபைலா (கேமரா திருத்தாத மூலப் படமா) எடுத்து, செவப்போட அடர்த்திய மட்டும் கொஞ்சம் இறக்குனா இழை திரும்பி வந்துரும். கல்யாணச் செவப்புப் பட்டுக்கும் இதேதான்.

கிராஸ்கட்

கடைக்குள்ள எடுக்கறவங்களுக்கு: எல்இடி வெளிச்சத்துல 1/250 ஷட்டர்ல எடுத்தா வெள்ளைத் துணி மேல குறுக்கால பழுப்புப் பட்டை விழும். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/50 அல்லது 1/100 வெச்சாப் போயிரும். வெள்ளைத் துணிக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்துங்க, இல்லைன்னா சாம்பல்.

ஈரோடு மஞ்சள்

மஞ்சக் கிழங்குல சாயம் போட்ட காட்டன் டாப். பெல்ட் கட்டுன பொம்மை, வெய்யில் படற ஜன்னல் கண்ணாடிக்கிட்ட நின்னுது. படமெடுக்க பெல்ட்டை அவுத்தா இடுப்பச் சுத்தி அசல் மஞ்சள் ஒரு பட்டை, மேலயும் கீழயும் வெளுத்த துணி.

மஞ்சள் சாயம் வெய்யிலுக்கு நிக்காது. படிகாரத்துல ஊறவெச்சாலும் தண்ணிக்குக் கொஞ்சம் தாங்கும், வெய்யிலுக்குத் தாங்காது. சோப்புத் தண்ணி பட்டா செவக்கும். இந்த உடுப்பைத் தைச்ச வாரத்துலயே, நிழல்ல எடுத்துருங்க. படத்தோட சாயத்துணித் துண்டு ஒண்ணை இருட்டுல கவர்ல போட்டு வையுங்க. பின்னால யாராவது இந்த நிறமில்லைன்னு சொன்னா ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டலாம்.

நெகமம் கட்டம்

பவானிக்கரை அண்ணா, எஃப் 16 ஒரே ஒரு படத்துக்குத்தான்னு மேலயே எழுதியிருக்குதுங்க. இழைக்குத் தனியா கிட்டப்படம் வேணும்ங்கறதுல சண்டையில்லை. சைடு ஜாயின்ட், ஓரமடிப்பு, உள்பக்கத் தையல், காஜா: இந்த நாலுக்கும் தனித்தனிப் படம், பக்கத்துல ஸ்கேல் வெச்சு. காங்கயம் அக்கா சொன்ன கால் இஞ்ச் இருக்குதா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுரும்.