இரைப்பை அறுவைக்குப் பிறகு எடை திரும்ப ஏறும்போது: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்தில் பார்த்தவை, செய்யக்கூடியவை

உணவு ஆலோசனைப் பிரிவில் இருப்பவர்:

எடை குறைக்க ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (இரைப்பையில் சின்னப் பை ஒன்றைப் பிரித்து நேரே குடலோடு இணைப்பது) செய்துகொண்டவர்கள் எடை ஏறத் தொடங்கியதும் முதலில் செய்வது, மறுபரிசோதனைக்குப் போவதை நிறுத்துவது. டாக்டர் திட்டுவாரோ என்ற கூச்சம். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஏனென்றால் ஐந்து கிலோ ஏறிய நிலையில் வந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. இருபது ஏறிய பிறகு வந்தால் வழிகள் குறைந்துவிடும்.

முதலில் கணக்கு. அறுவைக்குப் பின் 12 முதல் 24 மாதங்களுக்குள் எடை அதன் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு சில கிலோ ஏறுவது உடலின் இயல்பு. 118 கிலோவில் இருந்தவர் 78க்கு இறங்கினார் என்றால் குறைந்தது 40. இப்போது 82 என்றால் ஏறியது அந்த நாற்பதில் பத்தில் ஒரு பங்கு. இதற்குப் பயப்பட வேண்டாம், கவனித்தால் போதும். 89 என்றால் கால் பங்குக்கு மேல் திரும்பிவிட்டது. அப்போது காரணம் தேட வேண்டும்.

காரணம் என்றதும் எல்லாரும் சொல்வது, "பை விரிஞ்சிருச்சு". சிலருக்கு அது உண்மைதான். ஆனால் அதைவிட அதிகம் காண்பது சாப்பாட்டின் பதம் மாறிப்போவது. கெட்டியான மீன், கோழி, முட்டை இவை சின்ன இரைப்பையில் தங்கி வயிற்றை நிறைக்கும். தே தாரே (ஆற்றிய பால் தேநீர்), மைலோ, அதில் தோய்த்த கிரீம் கிரேக்கர், பருப்புக் குழம்பில் ஊறிய ரொட்டி சானாய் இவை எல்லாம் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு ரொட்டி சானாய் கிட்டத்தட்ட 300 கலோரி. டின் பால் போட்ட தே தாரே ஒரு கிளாஸ் அதில் பாதியைத் தொடும். பசியாற உட்கார்ந்து இரண்டையும் முடித்தாலும் வயிறு நிறைந்த உணர்வே வராது, பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். முறுக்கும் கெரோப்போக்கும் (மீன் அப்பளம்) இதே கதைதான். வாயில் கரைந்து போவதை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட முடியும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். காலையில் வேறு எதுவும் சாப்பிடாமல், வேகவைத்த கோழியோ பொரிக்காத மீனோ உள்ளங்கை அளவு எடுத்து, 20 நிமிடம் மென்று, தண்ணீரே இல்லாமல் சாப்பிடுங்கள். அதற்குள் "போதும்" என்று தோன்றினால் இரைப்பை இன்னும் தன் வேலையைச் செய்கிறது, மாற வேண்டியது தட்டில் உள்ளது. முழுத் தட்டுக் கோழியும் தடையில்லாமல் இறங்கினால் அறுவை செய்த இடத்துக்கே போய்ச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி அல்லது பேரியம் எக்ஸ்ரே பார்ப்பார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு சின்னப் பையைக் குடலோடு இணைத்த வாய் அகன்றிருக்கலாம், அல்லது ஒதுக்கிவைத்த பழைய இரைப்பைக்கும் புதுப் பைக்கும் இடையே வழி உண்டாகியிருக்கலாம். இவற்றை உணவுக் கட்டுப்பாட்டால் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் அதிகமாகச் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். முதல் வருடம் பசியே தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு உடல் பழகிக்கொண்டு பசி மெல்லத் திரும்பும். எடையோடு தசையும் குறைந்திருப்பதால் உடல் செலவழிக்கும் சக்தியும் முன்பைவிடக் குறைவு. மன உறுதி இல்லாததால்தான் எடை ஏறுகிறது என்று யாரும் யாரையும் சொல்லக்கூடாது.

எங்கே தொடங்குவது? நான்கு நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்: நேரம், பொருள், அளவு. பேரப்பிள்ளை மிச்சம் வைத்த சோறு, கோப்பிக் கடையில் குடித்தது எல்லாம் சேர்த்து. அடுத்த வாரம் பானங்களை மட்டும் மாற்றுங்கள், "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்டு வாங்குங்கள். "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்றால் சீனி குறையும், டின் பால் அப்படியே இருக்கும். அதற்கடுத்த வாரம், ஒவ்வொரு வேளையும் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர்கள் பெரும்பாலும் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள்.

கிளினிக்கில் வேலை செய்யும் மிஸ்ஸி:

அக்கா சொன்னதோடு மருந்துப் பையையும் கொட்டிப் பார்க்க வேண்டும். எடை குறைந்த பிறகும் இன்சுலினோ கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கும், கை நடுங்கும், உடனே இனிப்பு சாப்பிடத் தோன்றும். அது நாளுக்கு இரண்டு முறை நடந்தால் எடை எப்படி இறங்கும்? ஸ்டீராய்டு, மனநலத்துக்குக் கொடுக்கும் ஓலன்சபின், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி இவையும் எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், பட்டியலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் பெயர் தெரியாத மூட்டுவலி மருந்துகளை இங்கே தனியாகச் சொல்கிறேன். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்பும், பசி கூடும், எடை ஏறும். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள். பைபாஸ் ஆனவர்கள் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட் ஆகிய வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். இணைப்பு இடத்தில் புண் வரும். வலிக்குப் பாராசிட்டமோல்.

இரத்தப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு, மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) இவற்றைக் கேளுங்கள். இரத்தம் குறைந்தால் நடக்கவே தெம்பு இருக்காது, பிறகு எந்த உணவுத் திட்டமும் எடுபடாது. மாத்திரை விழுங்கும் நேரமும் முக்கியம். இரும்பு மாத்திரையைத் தேயிலைத் தண்ணீரோடு விழுங்கினால் பாதி வீண். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் வேண்டும். கால்சியத்தை ஒரு தடவைக்கு 500 முதல் 600 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடல் ஏற்காது, பிரித்துப் பிரித்துச் சாப்பிடுங்கள். மெட்ஃபோர்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 இன்னும் சீக்கிரம் குறையும்.

செம்பனை ஆலைக் கேன்டீனில் சமைப்பவர்:

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், அது தட்டில் எவ்வளவு என்று பலருக்குத் தெரிவதில்லை. முட்டை ஒன்றில் 6 கிராம். வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30. கெம்போங் (கானாங்கெளுத்தி வகை) மீன் சதை 100 கிராமில் 20 சொச்சம். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் 18, 19. கெட்டியாக வெந்த பருப்பு 100 கிராமில் 9. சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் தண்ணீர்தான் அதிகம்.

காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு இப்படிக் கட்டலாம்: கிளம்புமுன் அவித்த முட்டை இரண்டு. பத்து மணிக்கு, மசாலா தடவி தோசைக்கல்லில் வாட்டிய கெம்போங் ஒன்று, பயற்றங்காய் பிரட்டல், சோறு மூன்று கரண்டி. மதியம் தெம்பே, கீரை. ராத்திரி கோழி ரசத்தில் வெந்த கறி, கறியை முதலில் சாப்பிட்டுவிட்டு. தேங்காய்ப்பால் குழம்பை விட, புளி போட்ட குழம்பு நல்லது. மீனும் கோழியும் காய்ந்துபோனால் தொண்டையில் நிற்கும், அப்போது பலர் கறியை விட்டுவிட்டு பிஸ்கட்டுக்குத் தாவுகிறார்கள். அதனால் கறியை ஈரப்பதம் போகாமல் சமைப்பது மிக முக்கியம்.

இரவு ஷிப்டுக்காரர்களுக்குத் தனி யோசனை வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு வரும் பசியில் பாதி தூக்கக் கலக்கம். அந்த நேரத்துக்கு ஒரு முட்டையோ நூறு கிராம் தெம்பேயோ கையில் இருந்தால் மாகி கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) பக்கம் போக மாட்டார்கள்.

தண்ணீர் ஒன்றரை லிட்டராவது வேண்டும், வெயிலில் செம்பனைக் குலை வெட்டுபவர்களுக்கு இன்னும் கூட. சாப்பிடும்போதும் முடித்து அரை மணி நேரம் வரையும் குடிக்காமல், மற்ற நேரமெல்லாம் சிறு சிறு மடக்காகக் குடிக்கட்டும்.

கோயில் காரியங்களில் இருப்பவர்:

அண்ணே, புரட்டாசியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமிசம் விட்ட மாதத்தில் எடை ஏறுகிறவர்கள் உண்டு. மீன் போன இடத்தில் வடை, பாயாசம், கூடுதல் சோறு வந்து உட்காருகிறது. தெம்பே, கெட்டித் தவ்வு (சோயாப் பால் கட்டி), அவித்த கொண்டைக்கடலை, கெட்டித் தயிர் இந்த நான்கையும் மாதம் முழுக்க மாற்றி மாற்றி வைத்தால் சமாளிக்கலாம். அன்னதானப் பந்தியில் "கூட்டும் பொரியலும் முதலில், சோறு கொஞ்சமாக" என்று சொன்னால் பரிமாறுகிறவர்கள் கேட்பார்கள்.

உணவு ஆலோசனைப் பிரிவில் இருப்பவர்:

நல்லது ஐயா. "ஐந்து நாள் தண்ணீர் ஆகாரத்தில் பையைச் சுருக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். விரிந்த இரைப்பை அப்படிச் சுருங்காது. முதல் சில நாளில் இறங்குவதில் பெரும்பகுதி நீர். அதோடு புரதம் குறைந்து தசையும் கரையும்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளில் உண்மையான பலன் உண்டு. அறுவைக்குப் பிறகு எடை சரியாக இறங்காதவர்களுக்கு லிராகுளுடைட் கொடுத்து 2023-இல் வெளியான ஆய்வில், 24 வாரத்தில் சராசரியாக ஒன்பது விழுக்காடு எடை குறைந்தது. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் குமட்டலில் சாப்பாடு குறையும்போது முதலில் விடுபடுவது புரதம். நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பும் அதிகம். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் ஆன்லைனில் வாங்கிப் போடாதீர்கள். மறு அறுவை கடைசி வழி. ஸ்லீவை பைபாஸாக மாற்றுவார்கள், முக்கியமாக நெஞ்செரிச்சலும் கடுமையாக இருந்தால். முதல் அறுவையைவிட ஆபத்து கூடுதல்.

தசைக்கு நடை மட்டும் போதாது. நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து, இதை மூன்று சுற்று, வாரம் மூன்று நாள்.

கிளினிக்கில் வேலை செய்யும் மிஸ்ஸி:

பைபாஸ் ஆனவர்களுக்கு ஒன்று. இனிப்பு சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வியர்த்து நடுங்கினால் அது சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். மைலோ குடித்துச் சரிசெய்தால் அடுத்த இறக்கம் அதிலிருந்தே தொடங்கும். அந்த நேரத்தில் விரலில் குத்தி அளந்து எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

விடாமல் வாந்தி, தண்ணீர்கூடத் தங்காதது, கறுப்பு மலம், கடுமையான வயிற்றுவலி, நடை தள்ளாடுவது, கண் இரட்டையாகத் தெரிவது இவற்றுக்கு கிளினிக் வரிசையில் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கவுண்டரிலேயே "இரைப்பை அறுவை ஆனவர்" என்று சொல்லுங்கள். பல நாள் வாந்தி எடுத்தவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறைந்திருக்கும், குளுக்கோஸ் ஏற்றுமுன் அதைக் கொடுக்க வேண்டும். எந்த அறுவை, எந்த வருடம் என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாளைப் படம் எடுத்து உங்கள் தொலைபேசியிலும் வீட்டில் இன்னொருவர் தொலைபேசியிலும் வைத்திருங்கள்.